முதலில் இறங்காத அக்கா

மழைத் தண்ணீர் நின்றுவிட்டால் திருவொற்றியூர் சப்வேயில் அக்கா ஒருபோதும் முதலில் இறங்க மாட்டாள்.

அந்த மாதிரி நாட்களில் ஷேர் ஆட்டோ இந்தப் பக்கம் வராது. ஆனால் நாங்கள் இரண்டு பேரும் எப்படியாவது தண்டவாளத்தைத் தாண்டி, மணலிக்கு அப்பால் இருந்த ஆராய்ச்சி நிலையத்துக்குப் போயாக வேண்டும். நான் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு இறங்கப் பார்ப்பேன். அக்கா என் மணிக்கட்டைப் பிடித்துக்கொள்வாள்.

"இருடி. யாருனா ஒருத்தர் போவட்டும்."

ஒருமுறை சைக்கிளில் தண்ணீர் கேன் கட்டிக்கொண்டு ஒருவர் வந்தார். வலதுபக்கச் சுவரை ஒட்டியே தள்ளிக்கொண்டு போனார். பாதி தூரத்தில் முன்சக்கரம் சட்டென்று உள்ளே இறங்க, மனிதர் இடுப்பு வரை முங்கி எழுந்தார். நான் "ஐயோ" என்று கத்திவிட்டேன். அக்கா சுடிதார் காலைச் சுருட்டிக்கொண்டே, "அந்தாண்ட பள்ளம் கீது. நீ இந்தாண்ட வா" என்று இடதுபக்கமாக இறங்கினாள். தண்ணீர் எங்களுக்கு முழங்காலைக்கூடத் தொடவில்லை. போகிற போக்கில் அவருடைய சைக்கிளைத் தூக்கிவிட அவள்தான் கைகொடுத்தாள். "பாத்துப் போண்ணா" என்றும் சொன்னாள். அவர் மனசார அவளை வாழ்த்திவிட்டுப் போனார்.

இதை நான் பல பேரிடம் சொல்லிச் சிரித்திருக்கிறேன். அக்காவின் சாமர்த்தியத்துக்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது, அப்போது.

அவள் என் கூடப் பிறந்தவள் இல்லை, ராயபுரத்துப் பெண். அவள் அப்பா ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்றவர். மாதா கோயில் மணி அடித்தால் பாத்திரங்கள் அதிரும் அளவுக்குப் பக்கத்தில் வீடு. நான் எண்ணூர். என் அப்பா துறைமுகத்தில் கிரேன் ஓட்டிக்கொண்டிருந்தார். ஆராய்ச்சி நிலையத்தில் அவள் எனக்கு முன்னால் சேர்ந்தவள். ஒரே சார்தான் எங்கள் இருவருக்கும் வழிகாட்டி. மற்ற மாணவர்கள் எல்லாம் வேறு ஊர்க்காரர்கள். நான் வாயைத் திறந்து "இன்னா" என்றாலே சிரிப்பார்கள். சேர்ந்த புதிதில் நான் கஷ்டப்பட்டு "என்ன, இருக்கிறது" என்று பேசிக்கொண்டிருந்தேன். அக்கா ஒருநாள் எல்லோர் முன்னாலும், "இன்னாடி நியூஸ் வாசிக்கிற? ஒயுங்கா பேசு" என்றாள். அன்றிலிருந்து அந்த ஆய்வுக்கூடத்தில் எங்கள் பேச்சு எங்கள் பேச்சாகவே இருந்தது. அதற்காகவே அவளை எனக்குப் பிடித்துப்போனது.

நாங்கள் செய்தது உலோக-கரிமச் சட்டகங்கள். உலோக அணுக்கள் சில கூடி ஒரு முடிச்சு. அந்த முடிச்சுகளை ஒன்றோடொன்று இணைக்கக் கரிம மூலக்கூறுகளாலான கம்பிகள். இரண்டும் கரைசலில் சேர்ந்து ஒழுங்காக வளர்ந்தால் படிகம் கிடைக்கும். அந்தப் படிகத்துக்குள் கண்ணுக்குத் தெரியாத காலி அறைகள் எண்ணிக்கையில்லாமல் இருக்கும். அறையின் அளவு சரியாக அமைந்தால் அதில் வாயுவைப் பிடித்து வைக்கலாம். எங்கள் தெருவில் ஆலைகளின் பக்கமிருந்து காற்று திரும்பினால் ஜன்னலைச் சாத்திவிடுவோம்; என் தங்கைக்குச் சின்ன வயதிலிருந்து இழுப்பு. அதனால் வேலை என்னவென்று நான் ஒருமுறை சொன்னதுமே அம்மாவுக்குப் புரிந்துவிட்டது. "எம் பொண்ணு காத்தைப் புடிக்கிற கல்லு செய்றா" என்று கேட்டவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

புத்தகத்தில் எனக்கு ஏறாத ஒன்றை அக்கா ஒரு ஞாயிற்றுக்கிழமை ராயபுரத்தில் காட்டினாள். கோயிலுக்கு வண்ணம் அடிக்கச் சாரம் கட்டியிருந்தார்கள். பூசை முடிந்து ஜனங்கள் வெளியே வந்துகொண்டிருந்தார்கள். அவள் முக்காடு போட்ட தலையை அண்ணாந்து பார்த்துக்கொண்டே பேசினாள்.

"ஒவ்வொரு முடிச்சிலயும் எத்தினி கம்பு சேருது பாரு. நம்ப சமாச்சாரமும் அதான். நாலு கை முடிச்சு கீது, ஆறு கை கீது, பன்னெண்டு கை கீது. எத்தினி கை, எந்தப் பக்கம் நீட்டிகினு கீதுனு தெரிஞ்சாப் போதும். இன்னா வலை வரும்னு கணக்குப் போட்டுடலாம். இந்தச் சாரம் கட்டுறவரு கெடச்ச கம்பெல்லாம் கட்டிகினு போறாரா? மனசுல வலையைப் போட்டுட்டுத்தான் கம்பை எடுக்கறாரு. நம்ப லேப் பசங்க இன்னாடான்னா கண்ணை மூடிகினு கலக்கிப் பாக்கறானுங்க."

அவள் கண்ணை மூடிக் கலக்கியதே கிடையாது. மற்றவர்களின் சீசாக்களில் சேறும் தூளும் படியும்போது அக்காவின் சீசாவில் மட்டும் எண்முகக் கற்கள் மின்னும். அதுவும் முதல் தடவையே. ஆய்வுக்கூடத்தைப் பெருக்க வரும் ஆயாம்மா, "அந்தப் பொண்ணு கை ராசியான கை" என்பார். சார்கூட ஏறக்குறைய அப்படித்தான் நம்பினார்.

அன்று அவர்கள் வீட்டில்தான் சாப்பாடு. அக்காவின் தம்பிக்குத் தாடையில் ஒரு தையல் தழும்பு. நான் அதையே பார்ப்பதைக் கவனித்துவிட்டு அவர்கள் அம்மா சிரித்தார்.

"சின்ன வயசுல காசிமேட்டுல பாறை மேலேர்ந்து குதிச்சான். இவதான் பக்கத்துல நின்னா."

"தள்ளிட்டியாக்கா?" என்றேன்.

"நான் ஏன் தள்ளறேன்?" என்றாள் அக்கா.

தம்பி தாடையைத் தடவிக்கொண்டான். "தள்ளல. எவ்ளோ ஆழம்னு பாத்துச் சொல்லுடான்னா. பாத்துச் சொன்னேன்."

"பாறை கீதுனு தெரிஞ்சிதா இல்லியா?" என்று அக்கா அவன் தட்டில் இன்னொரு மீன் துண்டை வைத்தாள். எல்லோரும் சிரித்தோம். எல்லோரையும்விட நான்தான் அதிகம் சிரித்தேன் என்று நினைக்கிறேன்.

என் சொந்த யோசனை ஒன்றை முதன்முதலாக நான் காட்டியது அவளிடம்தான். சாரிடம்கூட இல்லை. நாலு கை முடிச்சு. ஒவ்வொரு கையும் ஒரு மூலையைப் பார்த்து நீளும். அவற்றை நேரான கம்பிகளால் கோத்தால் வைரத்தில் கார்பன் அணுக்கள் அடுக்கியிருக்கிறதே, அதே வலை வரும். கம்பியை மட்டும் நீளமாக்கினால் உள்ளே பெரிய பெரிய அறைகள் கிடைக்கும். அவ்வளவு பெரிய அறையை எங்கள் கூடத்தில் யாரும் செய்ததில்லை. காகிதத்தில் வரைந்து அவள் முன்னால் வைத்தேன்.

அக்கா வெகுநேரம் பார்த்தாள். காகிதத்தைத் திருப்பிப் பார்த்தாள். காலி இடத்தின் மேல் பென்சிலை வைத்து ஒரு கோடு இழுக்கப் போனவள், இழுக்காமல் பென்சிலைக் கீழே வைத்தாள்.

"அழகா கீதுடி. பண்ணிப் பாரு."

சாருக்குச் சந்தேகம் இருந்தது. அவள்தான் என்னோடு அவர் அறைக்கு வந்து, "செய்யட்டும் சார், கை சுத்தமான பொண்ணு" என்று பேசிச் சம்மதிக்க வைத்தாள். அன்று வீடு திரும்பும்போது எனக்குத் தரையில் கால் படவில்லை.

அந்தக் கம்பி மூலக்கூறைத் தயாரிப்பதே பெரும்பாடு. ஒரு படியில் பிசகினாலும் மொத்தமும் கழுநீரில் போகும். கடைசியில் சீசாக்களை அடுப்பில் வைத்துக் காத்திருந்து எடுத்தபோது, நுண்ணோக்கியில் கற்கண்டு மாதிரிப் படிகங்கள். கண்ணாடிபோலத் தெளிவு. அக்கா என்னைக் கட்டிப் பிடித்துக்கொண்டாள்.

எக்ஸ்ரேயில் உள்கட்டமைப்பு தெரிந்தபோது என் அறைகளைக் காணவில்லை. ஒரு வலையின் காலி இடத்தில் இன்னொரு வலை வளர்ந்து உட்கார்ந்திருந்தது. இரண்டும் ஒன்றையொன்று தொடவில்லை. ஆனால் ஒன்றுக்குள் ஒன்று கோத்துக்கொண்டு, காற்று நுழைய இடமில்லாமல் அடைத்திருந்தன.

"பரவால்லடி," என்றாள் அக்கா. "இன்னும் கொஞ்சம் நீட்டிப் பாரு."

நீட்டினேன். இப்போது மூன்று வலைகள். இன்னும் நீட்டினேன். நான்கு. கம்பியில் பக்கக்கிளை வைத்துத் தடுத்துப் பார்த்தேன். படிகமே வராமல் சேறு படிந்தது. கரைப்பானை மாற்றினேன், சூட்டைக் குறைத்தேன், கூட்டினேன். ஒவ்வொரு முறையும் அக்கா என் மேசைக்கு வந்து உட்கார்ந்து அக்கறையாகக் கேட்பாள். எத்தனை வலை உள்ளே போச்சு, எந்த நீளத்தில் போச்சு, கிளை வைத்த பிறகு என்ன ஆச்சு. நான் அழுதால் தண்ணீர் பாட்டிலைத் திறந்து கொடுப்பாள். கேட்டு முடித்துவிட்டு எழுந்து போகும்போது தோளில் தட்டி, "இத்தையும் பண்ணிப் பாத்துடு" என்பாள்.

அந்த வருஷங்களில் என்னைப் பெண் பார்க்க வருகிறேன் என்றவர்களையெல்லாம், "படிப்பு முடியட்டும்" என்று அம்மா திருப்பி அனுப்பினாள். அப்பா முட்டி வலியோடு கிரேன் ஏணி ஏறிக்கொண்டிருந்தார். உதவித்தொகை முடியும் காலம் நெருங்கிக்கொண்டிருந்தது. நடுவில் அம்மாவுக்குக் கர்ப்பப்பையில் ஆபரேஷன். பெரியாஸ்பத்திரியில் கிடந்தாள். அக்கா தினமும் காலையில் ராயபுரத்திலிருந்து தூக்கில் கஞ்சி எடுத்துக்கொண்டு வந்தாள். அம்மாவின் தலையை வாரிப் பின்னிவிட்டாள். பக்கத்துக் கட்டில் பாட்டிக்கும் சேர்த்துப் பின்னிவிட்டாள். "உனக்கு அக்கா இல்லாத குறைய கடவுள் தீத்துட்டாரு" என்றாள் அம்மா. எனக்கும் அப்படித்தான் இருந்தது.

வருடாந்திரக் கருத்தரங்குக்கு வெளியிலிருந்தெல்லாம் ஆட்கள் வந்திருந்தார்கள். அக்கா பேச எழுந்தாள். வெள்ளைப் புடவை, நீல விளிம்பு. ஆங்கிலத்தில் அவள் பேசினால் ராயபுரம் சுத்தமாக மறைந்துவிடும். முதல் படத்தைத் திரையில் போட்டாள். என் படிகங்கள். வரிசையாக, நான் செய்த எல்லாமே. இரண்டு, மூன்று, நான்கு வலைகள், கடைசியில் சேறு.

"முதலில் இந்த வலையைக் கழித்துவிடுவோம்" என்று ஆரம்பித்தாள். "வைர வலைக்கு ஒரு குணம் உண்டு. அதன் காலி இடத்தை மட்டும் தனியாக எடுத்துப் பார்த்தால் அதுவும் வைர வடிவம்தான். ஆகவே இன்னொரு வைர வலை அப்படியே உள்ளே வந்து உட்கார்ந்துகொள்ளும். கம்பி நீள நீள அதிகமான வலைகள் நுழையும். நாங்கள் எதிர்பார்த்தபடியே நடந்தது."

அடுத்த படம் அவளுடையது. ஜிர்கோனியம் என்ற உலோகத்தின் முடிச்சு, பன்னிரண்டு கை. அந்த வலையின் காலி இடம் அந்த வலையின் வடிவத்தில் இல்லை. ஆகவே இன்னொன்று எளிதில் நுழைய முடியாது. கம்பியை எதுவரை நீட்டலாம், எதற்கு மேல் கூடாது என்று அவளுக்கு ஏற்கெனவே தெரிந்திருந்தது. எந்தக் கிளை வைத்தால் சேறாகும் என்றும் தெரிந்திருந்தது. முதல் தடவையிலேயே வந்துவிட்டது. அறைகள் காலியாக இருந்தன. வாயுவைப் பிடித்தன.

கைதட்டல் அடங்கியதும் அவள் என் பக்கம் கை நீட்டினாள். "ஒப்பீட்டுக்கான பரிசோதனைகளை எல்லாம் செய்தவர் இவர்." எல்லோரும் திரும்பி எனக்கும் கைதட்டினார்கள். நான் எழுந்து வணக்கம் சொன்னேன். உட்கார்ந்த பிறகுதான் அந்தச் சொல் என்னைப் பிடித்துக்கொண்டது. எதிர்பார்த்தபடியே. யார் எதிர்பார்த்தது? எப்போதிலிருந்து?

சாயங்காலம் வாசலில் ஷேர் ஆட்டோவுக்கு நின்றோம். டேங்கர் லாரிகள் வரிசையாகப் போய்க்கொண்டிருந்தன. ஒரு லாரி கடந்து, அடுத்தது வருவதற்குள் கேட்டேன்.

"உனுக்கு முன்னாடியே தெரியுமாக்கா?"

"இன்னாது?"

"ஒண்ணுக்குள்ள ஒண்ணு போயிடும்னு."

அக்கா பொய் சொல்லவில்லை. அதைச் சொல்லியாக வேண்டும்.

"தெரியும்னு இல்ல. அப்டித்தான் ஆவும்னு நெனச்சேன்."

"எப்போ நெனச்ச?"

"நீ படம் வரைஞ்சி காட்டுனியே, அப்பவே."

லாரி ஒன்று இரைச்சலோடு போனது.

"ஏங்க்கா எங்கிட்ட சொல்லல?"

"சொல்லியிருந்தா நீ பண்ணியிருப்பியா?"

அவளே தொடர்ந்தாள்.

"யாருனா ஒருத்தர் பண்ணித்தான் ஆவணும்டி. எவ்ளோ நீளத்துல எத்தினி வலை போவும், எங்க ஒடையும், கணக்குல அது முழுசா வராது. செஞ்சி பாத்தாத்தான் தெரியும். கட்டுரைல உன் பேரு ரெண்டாவதா போட்டுருக்கேன். எவளாவது போடுவாளா?"

"நீயே பண்ணியிருக்கலாமே."

அவள் உண்மையிலேயே குழம்பிப்போய் என்னைப் பார்த்தாள். நான் ஏதோ புரியாத பாஷையில் பேசிவிட்ட மாதிரி.

"நான் அத்த பண்ணா அப்பறம் இத்த யாரு பண்றது?" என்றாள்.

ஆட்டோ வந்தது. அவள் ஏறி எனக்கு இடம் விட்டு நகர்ந்து உட்கார்ந்தாள். நான் ஏறவில்லை.

மறுநாள் சாரிடம் போனேன். அவர் பொறுமையாகக் கேட்டார். "உங்கள் பேர் இருக்கிறது, வேலையும் வெளியே வருகிறது, வராது என்பதும் ஒரு முடிவுதானே" என்றார். அவர் சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லை. யாரிடம் சொன்னாலும் தப்பாகத் தோன்றாத ஒன்றை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது? படிகம் வராமல் போனவர்கள் எங்கள் கூடத்தில் நிறையப் பேர். எனக்கு அது அவமானமில்லை. நான் ஒவ்வொரு முறையும் சீசாவை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, "இந்த தபா வந்துடும்க்கா" என்று சொன்னபோது அவள் பக்கத்தில் நின்று தலையாட்டினாளே, அதைத்தான் என்னால் தாண்ட முடியவில்லை.

தோல்விகளையே ஆய்வேடாக எழுது என்றார் சார். எழுத உட்கார்ந்தால் ஒவ்வொரு பக்கத்திலும் அவள் குரல் வந்தது. உதவித்தொகை நின்றது. பட்டம் வாங்காமல் வெளியே வந்தேன். வீட்டில் "வேலை கிடைத்துவிட்டது" என்று மட்டும் சொன்னேன். இப்போது மணலிப் புதுநகர்ப் பக்கம் ஒரு சின்ன நிறுவனத்தில் குடிதண்ணீர், கழிவுநீர் மாதிரிகளைப் பரிசோதிக்கிறேன். அக்கா வெளிநாடு போனாள். அங்கே ஒரு பல்கலைக்கழகத்தில் தனக்கென்று ஆய்வுக்குழு அமைத்துக்கொண்டாள் என்று கேள்விப்பட்டேன்.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் போன் வந்தது. அம்மாவும் நானும் முற்றத்தில் மீன் ஆய்ந்துகொண்டிருந்தோம். நான் கை கழுவிக்கொண்டு எடுத்தேன்.

"இன்னாடி, எப்டிகீற?"

"நல்லா இருக்கேன். நீங்க எப்படி இருக்கீங்க?"

"இன்னாது, நீங்க வாங்கன்ற?" என்று சிரித்தாள். எனக்கே தெரியாமல்தான் அப்படி வந்தது. அவள் சிரிப்பு பழைய சிரிப்பு. அம்மா, அப்பா, தங்கை இழுப்பு, எல்லாம் விசாரித்தாள். பிறகு விஷயத்துக்கு வந்தாள்.

"எங்கூட வந்துடுறியா? விசா, சம்பளம் எல்லாம் நான் பாத்துக்கறேன். விட்ட பட்டத்தையும் இங்க முடிச்சிடலாம். மூணு கை முடிச்சு ஒண்ணு கீது. நீட்டமான கம்பி."

மூன்று கை, நீளமான கம்பி என்றதுமே என் மனதில் வலை விரிந்துவிட்டது. அதன் காலி இடம் எப்படி இருக்கும் என்பதும் தெரிந்துவிட்டது. இருந்தாலும் கேட்டேன்.

"இது வருமா?"

"வராது," என்றாள் உடனே. "பாரு, இந்த தபா மறைக்கல, மொதல்லயே சொல்லிட்டேன். வராதுனு ஒயுங்கா காட்டணும். அதுக்கு ஒரு நல்ல கை வேணும். உன் அளவு சுத்தமாப் படிகம் வளக்கறவ இங்க ஒருத்தியும் இல்லடி."

அவள் என்னைப் புகழ்ந்துதான் சொன்னாள்.

"வர்ற வலைய யாரு பண்றாங்க?"



"அது... அத்த நான் பாத்துகினு கீறேன்."

"வேற யாரையாவது பாருங்கக்கா," என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டேன்.

அம்மா மீனை விட்டுவிட்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அந்தப் பொண்ணா? வெளிநாட்டுக்குக் கூப்புடுதா? ஏன்மே வரமாட்டேன்ன?"

அன்றைக்குத்தான் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். வலை, முடிச்சு எதுவும் அவளுக்குத் தேவைப்படவில்லை. கேட்டு முடித்ததும் அரிவாள்மனையைச் சுவரோரம் சாய்த்தாள்.

"மறுபடி போன் பண்ணா எங்கிட்ட குடு," என்றாள்.

"இன்னாம்மா கேப்ப?"

அம்மா யோசித்தாள்.

"சாப்ட்டியான்னு கேப்பேன்," என்றாள். "அப்பால மத்ததைக் கேக்கறேன்."